தவிட்டுக்குக் குடுத்த கார்

எழுபதுகளோட நடுவுல, சிட்னியில செவன் ஹில்ஸ்ல நாங்க குடியிருந்தப்ப நடந்தது இது. ஜூன் மாசம். நம்ம ஊர்ல ஜூன்னா பள்ளிக்கூடம் தொறக்குற நேரம், வெயில் இன்னும் மிச்சம் இருக்கும். இங்க ஜூன்ல தேங்காய் எண்ணெ பாட்டில்ல கல்லா ஒறைஞ்சு கெடக்கும். தலைக்குத் தேய்க்கணும்னா கரண்டிக் காம்பால கொத்தி எடுக்கணும். அந்தக் குளுர்ல எங்க வீட்டுக்காரருக்கு திடீர்னு தர்ம சிந்தனை வந்துருச்சு. அதுலேர்ந்து ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

அவரைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். ஒரு ஃபேக்டரியில படம் வரையிற வேலை. மெஷின் படம், சாமி படம் இல்ல. எதையும் ஸ்கேல் வச்சுப் பாக்குற மனுஷன். தோசை சுட்டுப் போட்டா தட்ட ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "இந்தப் பக்கம் கொஞ்சம் கோணலா இருக்கே"ம்பாரு. "கோணலா இருக்கறத மொதல்ல தின்னுடுங்க, நேராயிடும்"பேன் நான். கெட்டவர் இல்ல. கைதான் கொஞ்சம் இறுக்கம். சோப்பு தேஞ்சு வில்லையாப் போனா அதப் புது சோப்பு முதுகுல ஒட்டி வைப்பாரு. நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனவ. அதுலயும் பாதி நாள் வாத்தியார் வரல, மீதி நாள் நான் போகல.

முந்தின வருஷம் ஜூலையில ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் வாங்கியிருந்தாரு. பழுத்த பப்பாளிக் கலரு. அதனால அதுக்குப் பேரே பப்பாளி. ஓடுறதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. முன்னாடி இடது பக்கக் கதவு மட்டும் உள்ளேர்ந்து தொறக்காது. வெளியிலேர்ந்து யாராவது தொறந்து விட்டாத்தான் எறங்க முடியும். அந்தப் பக்கம் உக்கார்றவ நான். கடைக்குப் போனா இவரு எறங்கி, பூட்டி, பூட்டினதை இழுத்துப் பாத்து, சுத்தி வந்து எனக்குக் கதவு தொறந்து விடறதுக்குள்ள கடைய சாத்திருவானோன்னு இருக்கும்.

வாங்கின அன்னிக்கு பக்கத்து வீட்டு மரத்துலேர்ந்து எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி, நாலு டயருக்கும் வச்சு நசுக்கி, குங்குமம் வச்சு, சூடம் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி மால்டா தேசத்துலேர்ந்து வந்தவ. என்னை விட பத்து வயசாவது மூப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு, "உங்க ஊர்ல கார் எலுமிச்சை ஜூஸா குடிக்கும்?"னு கேட்டா. "பெட்ரோல் வெலைக்கு வேற என்ன பண்றது"ன்னேன். அவ இங்கிலீஷும் பொத்தல், என் இங்கிலீஷும் பொத்தல். அதனால ரெண்டு பேருக்கும் நல்லாப் புரியும்.

செவன் ஹில்ஸ்ல அப்ப நம்மாளுங்க யாரும் கெடையாது. ஸ்டேஷனுக்கு ரொம்ப தூரம் நடக்கணும். பஸ் வரும், மனசு வந்தா. அவரு காலையில போனா, பிள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடம் போனா, அப்புறம் நானும் செவுரும்தான். ஒரு தடவ சின்னவனுக்குக் காது வலி. அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. மால்டாக்காரியும் அன்னிக்குன்னு வீட்ல இல்ல. அவன இடுப்புல வச்சுக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில செருப்பு வாரு அறுந்துபோச்சு. ஒத்தக் கால் செருப்போட, ரோட்டுல சர்ருசர்ருன்னு போற காருங்களப் பாத்துக்கிட்டே நடந்தேன். அதுல ரெண்டு மூணு கார்ல பொம்பளைங்கதான் ஓட்டிட்டுப் போனாங்க. ஒருத்தி ஒரு கையால ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டுப் போனா. அன்னிக்கு முடிவு பண்ணேன், நானும் ஓட்டணும்னு.

நல்ல நேரமோ என்னமோ, கொஞ்ச நாள்ல இவருக்குக் கம்பெனியே கார் குடுத்துச்சு, வெளி எடங்களுக்குப் போய் அளவெடுக்கணும்னு. பப்பாளி வீட்லயே நின்னுச்சு. "நிக்கிற கார் துருப் புடிக்கும், நிக்கிற பொம்பளைக்குப் பைத்தியம் புடிக்கும், வா"ன்னு மால்டாக்காரி சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சா. ஃபேக்டரிங்களுக்குப் பின்னாடி லாரி போற அகல ரோடு உண்டு. மத்தியானம் காலியாக் கெடக்கும். அங்கதான் பாடம். கியர் கர்ருங்கும்போதெல்லாம் அவ அவங்க மாதாவக் கூப்பிடுவா, நான் எங்க மாரியாத்தாளக் கூப்பிடுவேன். ரெண்டு ஆத்தாளும் பாவம் பின் சீட்ல உக்காந்து வந்திருப்பாங்க.

இவருகிட்ட மறைக்கல. சொன்னேன். "கத்துக்கோ, கத்துக்கோ"ன்னாரு. சின்னவன் நான் ஏரோப்ளேன் ஓட்டப்போறேன்னு சொன்னாலும் அவரு அதே மாதிரிதான் சொல்வாரு.

மொத தடவ டெஸ்ட்ல போயிருச்சு. ரெண்டாவது தடவ பாஸ். அன்னிக்கு செவ்வாக்கிழமை. லைசென்ஸ முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, அவருக்குப் புடிச்ச மொளகு ரசம் வச்சு, அப்பளம் பொரிச்சு, சாப்பாடு முடிஞ்சதும் எலை ஓரத்துல வெத்தலை வக்கிற மாதிரி தட்டோரத்துல லைசென்ஸ வச்சுக் காட்டலாம்னு காத்திருந்தேன். அவரு ரசத்த ஊத்திக்கிட்டே சொன்னாரு.

"பழைய கார குடுத்துறலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"தர்மத்துக்கு."

கரண்டிய கீழ வச்சுட்டேன். "உடம்பு ஏதும் சரியில்லையா?"ன்னு கேட்டேன்.

அப்புறம்தான் வெளக்கினாரு. கூட வேலை பாக்குறவரு சொன்னாராம். தர்ம ஸ்தாபனத்துக்குக் கார் குடுத்தா, ரசீது தருவாங்க. அந்த ரசீதக் காட்டினா வருமான வரியில கழிவு உண்டு. ஆனா வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள குடுத்துறணும், அதுக்கு மேல போச்சுன்னா கணக்குல சேராது. வர்ற மாசத்தோட வருஷம் முடியுது. ஒரு சர்ச்சு ஹால்ல இருக்குற ஒரு சங்கம், வயசானவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கொண்டுவந்து விடுறவங்க, அவங்களுக்குக் கார் வேணுமாம்.

"புண்ணியத்துல வரி ஆபீசுக்கும் பங்கு உண்டோ"ன்னேன்.

"கிண்டல் பண்ணாத. இதுல ரொம்ப சுத்தமா இருக்கணும். பதிலுக்கு எதையும் வாங்கக் கூடாது. எந்தப் பலனும் அனுபவிக்கக் கூடாது. அப்பத்தான் அது தானம்."

"எனக்கு வேணுமே அந்தக் கார்."

"உனக்கு எதுக்கு? சனிக்கிழமை சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்ல."

"செவ்வாக்கிழமை காது வலி வந்தா?"

சிரிச்சாரு. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகல. முந்தானை முடிச்ச இன்னும் ஒரு சுத்து இறுக்கி முடிஞ்சேன். காட்டல. காட்டியிருந்தா ஒருவேளை விட்டிருப்பாரு. ஆனா வருஷம் பூரா கழிவு போச்சேன்னு ஒரு மூஞ்சிய வச்சிருப்பாரு பாருங்க, அந்த மூஞ்சியோட கார் ஓட்ட எனக்கு முடியாது. அப்பளத்த மட்டும் அவரு பக்கத்துலேர்ந்து நகத்தி வச்சேன்.

அந்த வாரம் பூரா யோசனை. கார் போச்சுன்னா கத்துக்கிட்டதும் போச்சு, மறுபடி செவுருதான். இன்னொரு பக்கம் ஒரு பயம். வீட்டுல ஓடின வண்டி, சூடம் காட்டினது, பிள்ளைங்க ஏறி எறங்கினது. அத சும்மா தூக்கிக் குடுக்கறது எனக்கு சரியாப் படல. அப்பத்தான் தவிடு நெனப்பு வந்துச்சு.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்ல பிள்ளைங்க தங்காம தவறிப்போனா, அடுத்துப் பொறக்குற பிள்ளைய பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பிடி தவிட்டுக்கு வித்துருவாங்க. விக்கிறதுன்னா பேச்சுக்குத்தான். பேருக்கு அது அந்த வீட்டுப் பிள்ளை. திங்கிறது, தூங்குறது, அடி வாங்குறது எல்லாம் பெத்தவ வீட்லயேதான். எமன் வந்து எட்டிப் பாத்தாலும் இது இவங்க பிள்ளை இல்லையேன்னு திரும்பிப் போயிருவானாம். நானே அப்படித் தவிட்டுக்கு வித்த பொண்ணுதான். எமனுக்கு இன்னும் வெலாசம் கெடைக்கல.

சனிக்கிழமை அந்தச் சங்கத்து ஆளு வந்தாரு. உசரமா, கம்பளி ஜாக்கெட்டு போட்டு, ரொம்ப அமைதியான மனுஷன். காரச் சுத்திப் பாத்தாரு, பானெட்டத் தொறந்தாரு, நல்லா இருக்குன்னாரு. இவரு நெஞ்ச நிமித்திக்கிட்டு சாவிய நீட்டினாரு. நான் நடுவுல போய் நின்னேன்.

"ஒரு பிடி தவிடு குடுத்துட்டு சாவி வாங்கிக்கச் சொல்லுங்க"ன்னேன்.

"என்னது?"ன்னாரு வீட்டுக்காரரு.

"எங்க வழக்கம். சும்மா குடுத்தா ஆகாது. தவிடு வாங்கிட்டுத்தான் குடுப்பேன்."

"ஏய், படிச்சுப் படிச்சு சொன்னேன்ல, பதிலுக்கு எதுவும் வாங்கக் கூடாதுன்னு."

"பதிலுக்கு இல்ல. பழக்கத்துக்கு."

அந்த ஆளு எங்க ரெண்டு பேரு வாயையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. இவரு பல்லக் கடிச்சுக்கிட்டு வெளக்கினாரு. இந்த ஊர்ல தவிட்டுக்கு எங்க போவாங்கன்னு இவருக்கு ஒரு தைரியம். அங்கதான் ஒரு விஷயம் அவரு மறந்துட்டாரு. நம்ம ஊர்ல மாட்டுக்குக் கலக்கி வக்கிற தவிட்ட இந்த ஊர்ல அட்டைப் பெட்டியில போட்டு, பால் ஊத்தி, ஸ்பூன்ல அள்ளி, காலையில மனுஷங்க தின்னுறாங்க. கேட்டா வயித்துக்கு நல்லதாம். மால்டாக்காரி வேலிக்கு மேல அந்தப் பெட்டிய நீட்டிட்டா. அவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

அந்த உசரமான மனுஷன் கொஞ்சம் கூட சிரிக்காம, பெட்டியிலேர்ந்து ஒரு பிடி தவிட்ட அள்ளி, ரெண்டு கையாலயும் என் முந்தானையில போட்டாரு. கோயில் பிரசாதம் குடுக்கற மாதிரி அவ்வளவு மரியாதையா. நான் சாவியக் குடுத்தேன். இவரு வானத்தப் பாத்தாரு.

அப்புறம் பானெட் மேல பேப்பர வச்சு ரசீது எழுதினாரு அந்த ஆளு. எழுதிக்கிட்டே, ரொம்ப சந்தோஷம், ஆனா வண்டி கெடைச்சாலும் ஓட்டத்தான் ஆள் கெடைக்கல, வார நாள்ல ஆம்பளைங்க எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க, வயசானவங்க டாக்டருக்காக வீட்ல காத்துக் கெடக்கறாங்கன்னு சொன்னாரு. குறையா சொல்லல. மழை வரும் போல இருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னாரு.

நான் முந்தானையில அந்தப் பக்கத்து முடிச்ச அவுத்தேன். லைசென்ஸ எடுத்து ரசீது மேல வச்சேன்.

எங்க வீட்டுக்காரரு அத எடுத்துப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. மறுபடி முன்னாடி பாத்தாரு. "எப்ப?"ன்னாரு.

"போன செவ்வாக்கிழமை. ரசத்துக்கு முன்னாடி."

சங்கத்து ஆளு அவசரப்படல. புது லைசென்ஸ்காரின்னு தெரியும். "அப்ப என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டு இடது பக்கம் ஏறி உக்காந்துட்டாரு. பக்கத்து டவுன் பரமட்டா வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். வந்து நின்னதும் அவரு கதவத் தள்ளறாரு, தள்ளறாரு, தொறக்கல. "இருங்க"ன்னு நான் எறங்கி, சுத்தி வந்து, தொறந்து விட்டேன். செவ்வாயும் வியாழனும் வர முடியுமான்னு கேட்டாரு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்னேன். சரின்னுட்டாரு.

இப்படித்தான் நான் குடுத்த காருக்கு நானே டிரைவரானேன்.

இவருக்கு ரெண்டு நாள் பேச்சே வரல. மூணாவது நாள் வந்தது, கேள்வியா வந்தது. அந்தத் தவிடு கணக்குல வருமா வராதா? ஆபீஸ்ல ஒருத்தரையும் விடாம கேட்டிருக்காரு. அதெல்லாம் ஒரு பொருளே இல்லன்னு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இவரு சிரிக்கல. வரித்தாளோட தனியா ஒரு காகிதத்துல, பதிலுக்கு என் மனைவி ஒரு பிடி தவிடு பெற்றுக்கொண்டாள்னு இங்கிலீஷ்ல எழுதி, குத்தி அனுப்பினாரு. வரி ஆபீஸ்ல அதப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடல. அவங்கள்ல பாதிப் பேரு காலையில அதத்தான் தின்னுட்டு வந்திருப்பாங்க.

அடுத்த தொல்லை, வண்டிய எங்க நிறுத்துறதுன்னு. நான் ஓட்டுற நாளுக்கு முந்தின சாயங்காலமே கொண்டு வந்து வச்சுக்கலாம்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. இவரு ஒத்துக்கல. "குடுத்தாச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு நம்ம வாசல்லயே நிறுத்தி வச்சா எப்படி? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"யாரு பாக்கறா? எதுத்த வீட்டு நாயி பாக்கும்."

"நாயா இருந்தாலும் சரி."

கடைசியில மால்டாக்காரி வீட்டு வாசல்ல நிறுத்தினேன். வேலிக்கு இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் பப்பாளி. காலையில நான் வேலியச் சுத்திப் போய் வண்டிய எடுக்கறத அவரு ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு டீ குடிப்பாரு.

மொத செவ்வாக்கிழமை எனக்குக் குடுத்தது ஒரு பெரியவர். தனியா இருக்கறவரு. கால்ல ஆறாத புண்ணு, வாரா வாரம் ஆஸ்பத்திரியில கட்டு மாத்தணும். கட்டு மாத்தலேன்னா காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லியிருந்தாராம். பெல் அடிச்சேன். சேலை, அதுக்கு மேல எங்க வீட்டுக்காரரு ஸ்வெட்டரு, கால்ல பூட்ஸு. என்னை மேலேர்ந்து கீழ பாத்துட்டு, "டிரைவர் எங்க?"ன்னாரு. நான்தான்னேன். எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாரு, வேற யாராவது நிக்கறாங்களான்னு. "இன்னிக்கு வேணாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்"ன்னு கதவ சாத்தப் போனாரு.

எனக்கு வந்த கோவத்துக்குத் திரும்பி வந்திருப்பேன். ஆனா அந்தக் கட்டப் பாத்தேன். ஊறிப்போய் மஞ்சளா இருந்துச்சு. "என்னைப் புடிக்கலைன்னா கண்ண மூடிக்கங்க. நான் மூடாம ஓட்டுறேன்"ன்னேன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல. ஒரு நிமிஷம் நின்னாரு. அப்புறம் கைத்தடிய எடுத்துக்கிட்டு வந்து பின் சீட்ல உக்காந்தாரு. போக வர ஒரு வார்த்தை பேசல. மூணாவது வாரம் முன் சீட்டுக்கு வந்தாரு, கால நீட்டிக்க வசதின்னு சொல்லிக்கிட்டு. ஆஸ்பத்திரியில நான் எறங்கி சுத்தி வந்து கதவத் தொறந்து விட்டேன். "எனக்கு யாரும் இப்படிக் கதவு தொறந்து விட்டதே இல்லம்மா"ன்னாரு. கதவு ரிப்பேருன்னு நான் சொல்லவே இல்ல. எதுக்கு சொல்லணும்?

ஆகஸ்டு மாசம்னு நெனைக்கிறேன். ஒரு செவ்வாக்கிழமை விடியும்போதே மழை புடிச்சுக்கிச்சு. முந்தின நாள் இவரு கம்பெனிக் கார் ஏதோ கோளாறாகி மெக்கானிக்கிட்ட நின்னுருச்சு. இருந்த ஒரு குடையையும் பெரியவன் பள்ளிக்கூடத்துல எங்கயோ விட்டுட்டு வந்துட்டான். இவரு தலையில ஒரு பிளாஸ்டிக் பையக் கவுத்துக்கிட்டு, நடந்தே ஃபேக்டரிக்குப் போறேன்னு கெளம்பிட்டாரு. நான் பப்பாளிய எடுத்துக்கிட்டு பெரியவரக் கூட்டிக்கிட்டு வர்றேன். பாத்தா அகல ரோட்டோரம் இவரு நடந்து போறாரு. பை எப்பவோ பறந்து போச்சு. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. படம் சுருட்டின கொழாய மட்டும் கோட்டுக்குள்ள விட்டு, குழந்தைய அணைக்கற மாதிரி அணைச்சுக்கிட்டு நடக்குறாரு.

உண்மையச் சொல்றேன், மொதல்ல எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன மனுஷனாச்சே. பக்கத்துல போய் நிறுத்தி, கண்ணாடிய எறக்கினேன்.

"ஏறுங்க."

"வேணாம்."

"தொப்பலா நனைஞ்சிருக்கீங்க."

"நனைஞ்சா காயும். நீ போ."

"ரோசத்தப் பாக்கற நேரமா இது? ஏறுங்க."

மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. தொடைக்கற துணியும் ஈரம். "ரோசம் இல்ல. இந்த வண்டியால ஒரு பலனும் அனுபவிக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். கழிவும் வாங்கிக்கிட்டு சவாரியும் போனா நல்லாவா இருக்கும்?"

"இந்த மழையில யாரு பாக்கப் போறா?"

"நான் இருக்கேன்ல"ன்னாரு.

சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அவரு நடை வேகத்துக்குப் பப்பாளிய உருட்டிக்கிட்டே கூடப் போனேன். பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். பெரியவரு, "அவரு என்ன சொல்றாரு?"ன்னு கேட்டாரு.

"நடக்கறது உடம்புக்கு நல்லதுங்கறாரு."

"அத சொல்ல உங்க பாஷையில இவ்வளவு நேரமா ஆகுது?"

அப்புறம் உள்ளதச் சொல்ல வேண்டியதாப் போச்சு. இவரு என் வீட்டுக்காரரு, இந்தக் கார் அவரு தானம் பண்ணது, அதனால ஏற மாட்டேங்கறாருன்னு. பெரியவரு கைத்தடிக்குப் பக்கத்துல இருந்த அவரு குடைய எடுத்து, ஜன்னல் வழியா நீட்டினாரு. "இது வண்டியோடது இல்ல, என்னோடது"ன்னு சத்தமா சொன்னாரு.

எங்க வீட்டுக்காரரு அந்தக் குடையப் பாத்துக்கிட்டே நின்னாரு. எனக்குத் தெரியும் அந்த மூள எப்படி ஓடும்னு. குடை அவரோடதுதான், ஆனா வந்தது வண்டியில ஆச்சேன்னு ஓடியிருக்கும். கடைசியில ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, பெரியவருக்குத் தலை குனிஞ்சு நன்றி சொன்னாரு. "லேட்டாவுது, அவரக் கூட்டிட்டுப் போ"ன்னு எங்கிட்ட சொல்லிட்டு, குடைய விரிச்சு, படக் கொழாய்க்கு மேல புடிச்சுக்கிட்டு நடந்தாரு. தோள் பூரா வெளியிலதான் நனைஞ்சுது.

நான் கியர் போட்டுக் கெளம்பினேன். பெரியவரு முன்னாடியே பாத்துக்கிட்டு, "உங்க வீட்டுக்காரரு கொஞ்சம் கிறுக்கு"ன்னாரு. ஆமான்னு தலையாட்டினேன். கொஞ்ச தூரம் போனப்புறம், "நல்ல கிறுக்கு"ன்னாரு. அதுக்கு என்னால தலையாட்டக் கூட முடியல. கண்ணாடியில வைப்பர் ஓடுது, ஆனாலும் எனக்கு ரோடு மங்கலாத்தான் தெரிஞ்சுது.

அத்தனை வருஷமா நான் அவரக் கஞ்சன்னு கேலி பண்ணியிருக்கேன். அவரு சோப்பு வில்லைய ஒட்டினத, கார் குடுத்த கதைய எல்லாத்தையும் மால்டாக்காரிகிட்ட நடிச்சுக் காட்டியிருக்கேன். தனக்கு சட்டம் குடுக்கறத விட மாட்டாரு, அது நெசம். சட்டம் குடுக்காதத, யாரும் பாக்காத மழையில கூடத் தொட மாட்டாருங்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கூடவே குடித்தனம் பண்ணியும் எனக்குத் தெரியல, ஜன்னல் வழியாப் பாத்த பெரியவருக்குத் தெரிஞ்சுது.

சாயங்காலம் வந்தாரு. தலைய தொவட்டிக்கச் சொல்லி துண்டு குடுத்தேன். சுக்குக் காப்பி குடுத்தேன். கிண்டல் பண்ணுவேன்னு எதிர்பாத்தாரு போல, எம் மொகத்தையே பாத்தாரு. நான் ஈரக் கோட்ட எடுத்துக் கொடியில போட்டேன். காப்பிய ஆத்திக்கிட்டே அவருதான் பேசினாரு.

"நீ காலையில அந்த ரோட்டுலேர்ந்து கெளம்பும்போது பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். ரெண்டாவது கியர் போடும்போது சத்தமே வரல."

"அதனால என்ன?"

"நான் ஓட்டினப்பல்லாம் அது முனகும். வண்டிக் கோளாறுன்னு நெனைச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாரு. காப்பிய வச்சுட்டுக் குடையத் தொடைக்கப் போயிட்டாரு. நான் வாயப் பொத்திச் சிரிச்சுக்கிட்டே அடுப்படியில ரொம்ப நேரம் நின்னேன். அழுதேனான்னு கேட்டா, வெங்காயம் நறுக்கினேன்னு சொல்லுவேன்.

அதுக்கப்புறம் அந்த மனுஷன், செவ்வாக்கிழமையப் பத்தியோ காது வலியப் பத்தியோ சிரிச்சதே இல்ல. சனிக்கிழமை கம்பெனிக் கார்ல கடைக்குப் போனாலும், "இப்ப இங்க திரும்பலாமா"ன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேப்பாரு. பெரியவரு கால் பொழைச்சுக்கிச்சு. அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் நான் செவ்வாயும் வியாழனும் ஓட்டினேன், யார் யாரையோ கூட்டிக்கிட்டு.

இப்ப இதே சிட்னியில நார்த்மீட்ல, அதுக்கப்புறம் பொறந்த மக வீட்ல இருக்கேன். லைசென்ஸும் போச்சு, கண்ணும் பாதி போச்சு, அவரும் போயி ரொம்ப நாளாச்சு. மழை நாள்ல பேத்தி கார்ல போறப்ப, ரோட்டோரம் யாராவது நனைஞ்சுக்கிட்டு நடந்தா நிறுத்தச் சொல்வேன். "பாட்டி, ஸ்ட்ரேஞ்சர்ஸ்"னு அவ இங்கிலீஷ்ல திட்டிக்கிட்டே நிறுத்துவா. முக்காவாசிப் பேரு நன்றி சொல்லி ஏறிக்குவாங்க, அவங்கள வீட்டு வாசல்ல விட்டுட்டு வருவோம். ஆனா எப்பவாவது ஒருத்தர், பரவால்ல நான் நடந்துக்கறேன்னு சொல்லிட்டு மழையில தலை குனிஞ்சு நடந்து போவாரு பாருங்க, அவரு வளைவுல மறையிற வரைக்கும் வண்டிய எடுக்கவே நான் பேத்திய விடறதில்ல.